அறிபுனை வாசகர்கள் ராக் இசைக்கு எழுதக் கற்றுக்கொடுத்த கதை

1966 பிப்ரவரியில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வீட்டுச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பத்துப் பக்க இதழ் ஒன்று அடிக்கப்பட்டது. பெயர் ‘க்ராடாடி’. மொத்தம் 500 பிரதிகள். ஆசிரியர், எழுத்தாளர், தட்டச்சர் எல்லாமே பால் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கல்லூரி மாணவர்தான். நட்சத்திரங்களின் படமோ துணுக்குச் செய்தியோ இதில் இராது, பாப் இசையைப் பற்றி யோசித்து எழுதிய எழுத்து மட்டுமே இருக்கும் என்று முதல் இதழிலேயே அவர் அறிவித்துவிட்டார். அதில் சைமன் - கார்ஃபன்கல் இரட்டையரின் புதிய இசைத்தட்டைப் பற்றி ஒரு மதிப்புரை. அதைப் படித்துவிட்டு பால் சைமனே கல்லூரி விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை வெளிவர இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது.

இந்தக் கதை ராக் இசை வரலாறுகளில் தவறாமல் வரும். அந்த இயந்திரம் யாருடையது என்பதை மட்டும் பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது டெட் ஒயிட்டுடையது. பள்ளி நாள்களிலிருந்தே அறிவியல் புனைகதை (அறிபுனை) ரசிகர் இதழ்களை அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தவர். ‘மெட்ரோனோம்’ பத்திரிகையில் ஜாஸ் விமர்சனம் எழுதியவர். அப்போது ஓர் அறிபுனை மாத இதழின் உதவி ஆசிரியர். பால் வில்லியம்ஸும் அந்த வட்டத்துப் பையன்தான். ‘க்ராடாடி’க்கு முன்பே ‘விதின்’ என்ற பெயரில் அறிபுனை ரசிகர் இதழ் நடத்திப் பழகியவர். ராக் இசையைப் பற்றி அமெரிக்காவில் முனைந்து எழுதத் தொடங்கிய முதல் தலைமுறையில் இப்படி அறிபுனை வாசகர்கள் பலர் இருந்தது தற்செயல் அல்ல என்பது என் கட்சி. அவர்கள் விண்கப்பலையும் வேற்றுக்கிரகத்தையும் இசைக்குள் கொண்டுவரவில்லை. எழுதும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த முறை உருவாக ஏறக்குறைய நாற்பது வருடம் பிடித்தது.

தொடக்கம் ஒரு வியாபாரியிடம். லக்சம்பர்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, வானொலி உதிரிபாகங்களைத் தபால் வழியாக விற்ற ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கில மாத இதழ் அதுதான். கதைகள் பாதிக்கு மேல் மறுபதிப்பு. வெல்ஸும் வெர்னும் எட்கர் ஆலன் போவும் திரும்பத் திரும்ப வந்தார்கள். நிலைத்துநின்ற சங்கதி வேறு. வாசகர் கடிதப் பகுதியில், எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சாயிற்று. ராக்கெட் காற்றில்லாத வெளியில் போகுமா போகாதா என்று ஓஹையோவில் ஒருவர் கேட்டால், நியூஜெர்சியில் இருப்பவர் பத்திரிகையை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் நேராக அவருக்கே கடிதம் போட்டுவிடுவார். ஊரில் தன்னைத் தவிர இந்தப் பைத்தியம் யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்த பையன்களுக்கு இது பெரிய விஷயம். வீட்டில் பெரியவர்கள் கண்ணில் படாமல் மறைத்துப் படிக்க வேண்டிய மலிவுத்தாள் பத்திரிகை அது. அட்டையில் பெரிய பெரிய பூச்சிகளும் எரியும் நகரங்களும்.

கடிதங்கள் சங்கங்களாயின, சங்கங்கள் இதழ் போட்டன. 1930 மே மாதம் சிகாகோவிலிருந்து வந்த ‘த காமெட்’ இதழைத்தான் முதல் ரசிகர் இதழ் என்கிறார்கள். கிளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல் என்ற பள்ளி மாணவர் 1932இல் தானே ஒன்று தொடங்கினார். அதன் 1933 ஜனவரி இதழில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயரில் ஒரு பாத்திரம் வருகிறது. வழுக்கைத்தலை, பிறர் மனத்தை ஆட்டிவைக்கும் சக்தி, உலகை ஆளும் ஆசை, சரியான வில்லன். படம் வரைந்தவர் உடன் படித்த ஜோ ஷூஸ்டர். ஐந்து வருடம் கழித்து, அதே பெயரை நல்லவனுக்குச் சூட்டி, அதே இருவர் கொடுத்த கதாநாயகனை உலகமே அறியும். சைக்ளோஸ்டைல் தாளில் கிறுக்கியவர்களின் கதை இது ஒன்று மட்டும் என்றால் விட்டுவிடலாம். ரே பிராட்பரி, ஐசக் அசிமோவ், ஃப்ரெடரிக் போல், டேமன் நைட் என்று வரிசையாக எல்லோரும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

கிறுக்கியது எப்படி என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் தேர்வுத் தாள் அடித்த அதே சைக்ளோஸ்டைல்தான். மெழுகு பூசிய மெல்லிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு, வெறும் எழுத்தச்சால் அடிக்க வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி மைக்கு வழி திறக்கும். அழுத்தி அடித்தால் வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி பொத்துக்கொண்டு விழுந்துவிடும். அச்சில் அந்த இடம் கரும்புள்ளி. லேசாக அடித்தால் எழுத்தே தெரியாது. பிழை வந்தால் திருத்தும் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் குறி தவறாமல் மறுபடி அடிக்க வேண்டும். படம் வேண்டுமென்றால் எழுத்தாணியால் கீற வேண்டும்; சற்றே கை தடித்தாலும் ஸ்டென்சில் கிழியும். பிறகு அதை மை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், மையை உறிஞ்சக்கூடிய சொரசொரப்பான தாளில் ஒவ்வொரு பக்கமாக விழும். விழுந்த பக்கங்களை மேசையைச் சுற்றி அடுக்கிவைத்து, நண்பர்கள் வரிசையாக நடந்து ஆளுக்கொரு தாளாக எடுத்துச் சேர்ப்பார்கள். பின் அடித்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டினால் இதழ் தயார். விரல் இடுக்கில் ஏறிய மை போக இரண்டு நாள் ஆகும்.

இந்த இயந்திரம் உரைநடையையும் மாற்றியது. ஸ்டென்சிலில் திருத்துவது அவ்வளவு கஷ்டம் என்பதால் பலர் முன்வரைவே போடாமல் நேராக அதிலேயே யோசித்து அடித்தார்கள். வாக்கியம் நடுவழியில் திசை மாறினால் அப்படியே விட்டுவிட்டு, “இங்கே நான் சொல்ல வந்தது வேறு” என்று தொடர்வார்கள். பேச்சு நடை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் மேலும் கீழும் உள்ள எதற்கும் சம்பந்தமில்லாத ஒற்றை வரியைச் செருகுவது ஒரு குறும்பு. எங்கோ கேட்ட கிண்டல், யாரோ தூக்கத்தில் உளறியது, எதுவானாலும் சரி. ஆண்டு சந்தா கட்டி வாங்கும் பத்திரிகையில் இதைச் செய்ய முடியாது. தலையங்கத்தில் பற்களைப் பிடுங்கிக்கொண்ட கதையும், பார்த்த சினிமாவும், வாங்கிய இசைத்தட்டும் வரும். பிறகுதான் கதை விமர்சனம்.

விலை பேருக்குத்தான். உள்ளபடியே இதழைப் பெறக் காசு தேவையில்லை. உன் இதழ் ஒன்றை மாற்றாக அனுப்பலாம், எழுதித் தரலாம், படம் போட்டுத் தரலாம், எதுவும் முடியாவிட்டால் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும். அடுத்த இதழில் பாதிப் பக்கங்கள் அந்தக் கடிதங்களாகவே இருக்கும். கடிதம் எழுதாதவன் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். 1937இல் டொனால்ட் வோல்ஹைம் தொடங்கிய ரசிகர் அச்சுச் சங்கத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் இதழை மற்ற எல்லோருக்கும் போதிய பிரதி எடுத்து அனுப்ப வேண்டும், சங்கம் அவற்றைக் கட்டாகக் கட்டி எல்லோருக்கும் சுற்றுக்கு விடும். வெளி வாசகர் கிட்டத்தட்ட இல்லை. எழுதுகிறவன் அத்தனை பேரும் வாசகன், வாசகன் அத்தனை பேரும் எழுதுகிறவன். முகம் பார்த்திராத ஒருவர் மூன்று மாதத்தில் வரிக்கு வரி பதில் சொல்லப் போகிறார் என்று தெரிந்தே எழுதுகிறவனின் நடை எப்படி இருக்கும்? மழுப்பல் இராது. பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்று சொல்லியாக வேண்டும். “சிறந்த படைப்பு” என்று முடித்துவிட்டால் அடுத்த கட்டில் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

அந்தப் பள்ளியில் தேறிய கூர்மைக்கு இரண்டு உதாரணம் போதும். 1945இல் ஏ. இ. வான் வோட் அறிபுனையின் உச்ச நட்சத்திரம். இளைஞரான டேமன் நைட் ஒரு ரசிகர் இதழில் அவரது புகழ்பெற்ற நாவலை எடுத்து, கதைமுடிச்சு ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, இது கட்டடமே இல்லை, முட்டுக்கொடுத்து நிற்கும் சாரம் என்று காட்டினார். வான் வோட் பிற்காலத்தில் அந்த நாவலைத் திருத்தி வெளியிட்டபோது அந்தக் கட்டுரையை மறக்காமல் குறிப்பிட்டார். நைட்டின் விமர்சனங்கள் 1956இல் சிகாகோ ரசிகர்கள் நடத்திய பதிப்பகம் வழியாகவே நூலாயின. இன்னொருவர் ஜேம்ஸ் பிளிஷ். 1950களில் ‘ஸ்கைஹூக்’ என்ற ரசிகர் இதழில், தன் சக அறிபுனை எழுத்தாளர்களின் கதைகளை வரிவரியாகப் பரிசோதித்தார். வைத்துக்கொண்ட புனைபெயர் வில்லியம் அதெலிங் ஜூனியர். அசல் அதெலிங் யார்? கவிஞர் எஸ்ரா பவுண்ட் முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதியபோது பூண்ட பெயர் அது. பிளிஷ் பவுண்டை ஊன்றிப் படித்தவர். கச்சேரி விமர்சகனின் பெயரை ஓர் அறிபுனை விமர்சகன் சுவீகரித்துக்கொண்டான்; பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வட்டத்துப் பிள்ளைகள் இசைக்கே திரும்பிப் போனார்கள். எவரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல.

சினிமா விமர்சனத்துக்காக 1975இல் புலிட்சர் பரிசு பெற்ற ரோஜர் ஈபர்ட்டும் இந்தக் கூட்டம்தான். இலினாய் மாநிலத்தின் அர்பானாவில் வளர்ந்த அவர், பதின்பருவத்தில் ‘ஸீரோ’ போன்ற இதழ்களுக்குக் கவிதையும் கடிதமும் அனுப்பிக்கொண்டிருந்தார். தன் எழுத்துக்கு அந்த இதழ்கள் போட்ட அடித்தளத்தைப் பிற்காலத்தில் அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இவ்வளவு சொன்னதால் அது ஏதோ அன்பு ஆசிரமம் என்று எண்ணிவிட வேண்டாம். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிபுனை மாநாடு கூடியபோது, இருநூறு பேர் சேர்ந்த இடத்தில் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்தித் துரத்தினார்கள். காரணம் அரசியல், பகை, பதவி. துரத்தப்பட்டவர்களில் வோல்ஹைமும் போலும் உண்டு. அவர்களின் கூட்டாளியான அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார், பிறகு அந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றி எழுதவும் செய்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பிராட்பரி கடன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். கடன் கொடுத்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் தோழி மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர் உடை அணிந்து தெருவில் நடந்தார்கள். உடைகளைத் தைத்தவர் மர்ட்டில். இன்று உலகெங்கும் ரசிகர் கூட்டங்களில் வேடம் கட்டுவோருக்கு மூதாய் அவர்தான். மாநாடுகளில் இரவு விடுதி அறையில் கிதாரோடு உட்கார்ந்து, தெரிந்த மெட்டுக்கு விண்வெளிப் பாட்டுக் கட்டிப் பாடும் வழக்கமும் 1950களில் வேரூன்றியது. இசை அந்த வட்டத்துக்கு அந்நியமாக என்றுமே இருந்ததில்லை.

இனி 1966. வில்லியம்ஸ் புரூக்ளினில் ஸ்டென்சில் அடித்த அதே ஆண்டில், சான்ஃபிரான்சிஸ்கோவில் கிரெக் ஷா என்ற பையன் நண்பர் ஒருவரோடு ‘மோஜோ நேவிகேட்டர்’ தொடங்கினார். கிரேட்ஃபுல் டெட் போன்ற குழுக்கள் முழுநீள இசைத்தட்டு எதுவும் வெளியிடாத நேரத்தில் அவர்களின் பேட்டிகளை அது போட்டது. ஷா அதற்கு முன் நடத்தியது டோல்கீன் ரசிகர்களுக்கான ‘என்ட்மூட்’. 1970இல் அவர் தொடங்கிய ‘ஹூ புட் த பாம்ப்’ இதழில் கடிதப் பகுதி, பட்டியல், பழைய பாட்டைத் தோண்டியெடுத்தல் எல்லாம் அறிபுனை இதழின் அச்சு அசல் வார்ப்பு. 1974இல் அதிலிருந்து ஓர் இசைத்தட்டு நிறுவனமே கிளைத்தது.

லென்னி கே கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. நியூஜெர்சிப் பையன், பள்ளி நாளில் அறிபுனை ரசிகர் இதழ் நடத்தியவர், பிறர் இதழ்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்தவர். பிறகு நியூயார்க்கில் பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் வேலை. வாத்தியமில்லாமல் தெருமுனையில் பாடிய குழுக்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, பாட்டி ஸ்மித் என்ற கவிஞர் தேடி வந்து பேசினார். 1971 பிப்ரவரியில் ஸ்மித் மேடையில் கவிதை படித்தபோது பின்னால் நின்று கிதார் வாசித்தவர் கே. அடுத்த ஆண்டு எலெக்ட்ரா நிறுவனத்துக்காக அவர் தொகுத்த ‘நக்கெட்ஸ்’ இரட்டை இசைத்தட்டு வந்தது. பெரும்பாலும் 1965 முதல் 1968 வரை வந்து, ஓரிரு பாட்டோடு காணாமல் போன குழுக்களின் 27 பாட்டுகள். அப்போது அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது ஏழுகூட ஆகவில்லை. ஆனாலும் குப்பைக்குப் போய்விட்டிருந்தன.

உள்ளே பாட்டுக்குப் பாட்டு குறிப்பு எழுதியிருந்தார் கே. இதைப் படிக்கும்போது எனக்கு 1952இல் வெளிவந்த இன்னொரு வெளியீடுதான் நினைவுக்கு வரும். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் டொனால்ட் டே என்ற ரசிகர், 1926 முதல் 1950 வரை வந்த அறிபுனை இதழ்கள் அத்தனைக்கும் அட்டவணை தயாரித்து நூலாக்கினார். எந்தக் கதை, யார் எழுதியது, எந்த மாதம், எந்தப் பக்கம். பல்கலைக்கழகங்கள் அந்த இதழ்களைத் தொட மறுத்த காலம் அது. நூலகங்கள் வாங்கியதே இல்லை. மலிவுத்தாள் நொறுங்கிப்போவதற்குள் ஒரு தனிமனிதர் உட்கார்ந்து எழுதிவைத்தார். மதிப்பில்லை என்று உலகம் தள்ளியதைத் துல்லியமாகப் பதிவு செய்வதே மதிப்பு கொடுப்பதன் முதல் படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கே செய்ததும் அதே வேலை, மூன்று நிமிடப் பாட்டுகளுக்கு. ‘பங்க் ராக்’ என்ற பெயரை அந்தக் குறிப்புகளில் அவர் பயன்படுத்தினார். நான்கைந்து வருடத்தில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் குழுக்கள் புறப்பட்டபோது, கே அவற்றின் முன்வரிசையில் ஸ்மித் குழுவின் கிதார் கலைஞராக இருந்தார். ‘நக்கெட்ஸ்’ முதலில் பெரிதாக விற்கவில்லை. 1998இல் நான்கு குறுந்தகடு கொண்ட பெட்டியாக விரிந்து மறுபடி வந்தது.

‘க்ராடாடி’யில் எழுதியவர்கள் போன பாதைகளும் பலவிதம். பாஸ்டன் பகுதியில் இசைத்தட்டுக் கடையில் வேலைபார்த்த ஜான் லாண்டாவ் பிற்காலத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் மேலாளர் ஆனார். சேண்டி பேர்ல்மன் தான் கற்பனை செய்துவைத்திருந்த வேற்றுலகப் புராணத்தைப் பாட்டாக்க ஓர் இசைக்குழுவையே உருவாக்கினார். அதுதான் புளூ ஆய்ஸ்டர் கல்ட். அந்தக் குழுவுக்குப் பாட்டெழுத வந்த ஆங்கிலேயர் மைக்கேல் மூர்காக், தானும் பள்ளிப் பருவத்தில் ரசிகர் இதழ் நடத்தியவர், ‘நியூ வேர்ல்ட்ஸ்’ அறிபுனை இதழின் ஆசிரியராக இருந்தவர்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அறிபுனைக்காரர்கள் இல்லாவிட்டால் ராக் விமர்சனமே வந்திராதா? நிச்சயம் வந்திருக்கும். நாட்டார் இசை ரசிகர்கள் மினியாபொலிஸில் 1960லேயே ‘லிட்டில் சாண்டி ரிவ்யூ’ என்ற சிற்றிதழைக் காரசாரமாக நடத்தினார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ நாளிதழில் ரால்ஃப் கிளீசன் ஜாஸோடு ராக்கையும் மதித்து எழுதினார். 1966லேயே ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைனின் பத்தி தொடங்கிவிட்டது. பிரிட்டனில் ‘மெலடி மேக்கர்’ இதழும் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ தொடங்கிய அதே 1926இல் பிறந்தது. ஆகவே முதல் என்ற பட்டத்துக்குச் சண்டை போடுவதில் பயனில்லை. வித்தியாசம் எங்கே என்றால், நாளிதழ்க்காரர் வாசகருக்குச் செய்தி சொன்னார். நாட்டார் இசைக்காரர் எது தூய்மை என்று தீர்ப்புச் சொன்னார். ரசிகர் இதழ்ப் பிள்ளைகள் தங்களைப் போன்ற இன்னொரு பித்தனுக்குப் பதில் எழுதினார்கள். “இந்தப் பாட்டைக் கேட்டபோது நான் எங்கே இருந்தேன், எனக்கு என்ன ஆயிற்று” என்று தொடங்கும் விமர்சனத்துக்கு அவர்கள் வெட்கப்படவில்லை. வில்லியம்ஸின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். சில கட்டுரைகளில் பாட்டு மறைந்து அவர் மட்டுமே மிஞ்சுவார். பின்னால் வந்தவர்கள் பலர் பலவீனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வட்டத்தில் யார் இல்லை என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1950களின் கலிஃபோர்னியாவில் கார்ல் பிராண்டன் என்றொரு ரசிகர் கொடிகட்டிப் பறந்தார். கறுப்பினத்தவர், நகைச்சுவையில் மன்னன், எல்லா இதழ்களிலும் அவர் எழுத்து. நேரில் மட்டும் யாரும் பார்த்ததில்லை. கடைசியில், டெர்ரி கார் என்ற வெள்ளை இளைஞரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய கூத்து அது என்று வெளிப்பட்டது. தாள் வழியாக மட்டுமே பழகும் உலகம் என்பதால் இது சாத்தியமாயிற்று. அந்த வட்டத்தில் எல்லோரும் அறிந்த கறுப்பின ரசிகர், இல்லாத ஒருவர்! 1999இல் அறிபுனையில் இன வேற்றுமையைப் பேச ஓர் அமைப்பைத் தொடங்கியவர்கள், வேண்டுமென்றே அந்த இல்லாத மனிதரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இவர்கள் கண்ணில் படாமல், சிகாகோவின் கறுப்பினப் பகுதியில் அதே 1950களில் ஒருவர் தட்டச்சு செய்த துண்டறிக்கைகளைப் பூங்காவில் விநியோகித்துக்கொண்டிருந்தார். அலபாமாவில் பிறந்த ஹெர்மன் பிளவுன்ட். தான் சனிக்கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லி சன் ரா என்று பெயர் மாற்றிக்கொண்ட ஜாஸ் கலைஞர். நண்பர் ஆல்டன் ஆபிரகாமோடு சேர்ந்து சனியின் பெயரிலேயே இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். பெரிய நிறுவனம் எதுவும் வேண்டாம். பல தட்டுகளுக்கு உறையில் கையாலேயே படம் வரைந்து, கச்சேரி முடிந்ததும் வாசலில் விற்றார்கள். ஸ்டென்சிலும் பின் அடித்த தாளும் இல்லையே தவிர, உழைப்பு அதே உழைப்பு. அறிபுனை ரசிகர்களின் தடித்த வரலாற்று நூல்களில் சன் ராவைத் தேடினால் கிடைப்பது அரிது. 1975இல் ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் குழு விண்கப்பலை மையமாக வைத்து இசைத்தட்டு வெளியிட்டு, அடுத்த ஆண்டு மேடையிலேயே கப்பலை இறக்கியபோதுதான் அந்த மரபு எவ்வளவு பெரியது என்று பலருக்கும் உறைத்தது. அந்த மேடைக் கப்பலின் வாரிசு இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வில்லியம்ஸுக்குத் திரும்புவோம். 1968இல் ‘க்ராடாடி’யை விட்டு விலகிய அவர், அறிபுனையை விடவில்லை. ஃபிலிப் கே. டிக் அப்போது மலிவுப்பதிப்பு எழுத்தாளர். ஒரு வருடத்தில் நாலைந்து நாவல் எழுதியும் கடன் தீராதவர். இளமையில் பெர்க்லியில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் டிக். பழைய ஐரோப்பிய இசையில் ஊறியவர். 1974இல் வந்த ஒரு நாவலுக்குப் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இசைக்கலைஞர் ஜான் டவ்லண்டின் பாட்டிலிருந்து தலைப்பு எடுத்தவர். இசைப்பித்தும் கதைப்பித்தும் கலந்த இருவர் சந்தித்தால் என்ன ஆகும்? 1975 நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் வில்லியம்ஸ் எழுதிய நீண்ட கட்டுரை, டிக்கை அறிபுனைக்கு வெளியே இருந்த வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. அதே ஆண்டு, பதினைந்து வருடத்துக்கு மேல் எந்தப் பதிப்பகமும் தொடாத டிக்கின் சமூக நாவல் ஒன்றை வில்லியம்ஸும் நண்பர்களும் சிறு பதிப்பகம் வழியாக அச்சிட்டார்கள். 1982 மார்ச்சில் டிக் இறந்தார். அவர் நாவலை ஒட்டி எடுத்த ‘பிளேட் ரன்னர்’ படம் திரைக்கு வர நான்கு மாதம்கூட இருக்கவில்லை. படைப்புகளைக் காக்கும் பொறுப்பு வில்லியம்ஸிடம் வந்தது. அவர் என்ன செய்தார்? ரசிகர் சங்கம் தொடங்கி, செய்திமடல் போட்டார். தட்டச்சு, பிரதி, தபால்தலை. ஏறக்குறைய பத்து வருடம் அது வந்தது. உதவிக்கு வந்த இளைஞர்களில் ஜொனாதன் லெத்தம் ஒருவர். 2007இல் அமெரிக்க இலக்கியச் செவ்வியல் நூல்வரிசையில் டிக்கின் நாவல்கள் இடம்பெற்றபோது அவற்றைப் பதிப்பித்தவர் அவர்தான்.

அறிபுனை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜனின் சிறுகதைகள் அனைத்தையும் தேடிக் கால வரிசையில் பதிப்பிக்கும் வேலையையும் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டார். 1995இல் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகும் விடவில்லை. நினைவு மெல்ல மங்கி, பதினொன்றாம் தொகுதிக்குப் பின் அவரால் முடியவில்லை. மீதி இரண்டையும் ஸ்டர்ஜனின் மகள் முடித்தார். 2013 மார்ச்சில் வில்லியம்ஸ் இறந்தபோது பத்திரிகைகள் அவரை ராக் விமர்சனத்தின் தந்தை என்றன. அவர் செய்த வேலைகளைக் கூட்டிப் பார்த்தால், ரசிகர் இதழ் ஆசிரியர் என்பதே பொருத்தமான பட்டம். டெட் ஒயிட்டும், புரூக்ளின் இயந்திரம் ஓடி மூன்று வருடத்துக்குள், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழுக்கே ஆசிரியராகி, 1970களின் கடைசிவரை குறைந்த சம்பளத்தில் அதை இழுத்துக்கொண்டு போனார். கடிதப் பகுதியை மறுபடி நீட்டினார்.

பழைய இதழ்கள் இன்று ஓரளவு பத்திரமாக இருக்கின்றன. அயோவா பல்கலைக்கழக நூலகமும் ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக நூலகமும் ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கின்றன. ரசிகர்களே தன்னார்வமாக நடத்தும் ஃபனாக் இணையக் காப்பகத்தில் பல இதழ்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடப்பட்டிருக்கின்றன. மை பரவிய இடமும் பொத்துப்போன எழுத்தும் அப்படியே தெரியும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, ரே பிராட்பரி 18 வயதில் தொடங்கி நான்கே இதழோடு நிறுத்திய ‘ஃபியூச்சூரியா ஃபேன்டேசியா’வைச் சொல்வேன். குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள கதைகள் சுமார்தான். ஆசிரியர் குறிப்புகளை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.